ரிட்டுக்ஸிமாப் ஏத்திக்கப் போறீங்களா? முன்னாடியே முடிச்சுக்க வேண்டிய வேலைங்க

முடக்குவாதத்துக்கோ லிம்ஃபோமாங்கற நிணநீர் புற்றுநோய்க்கோ டாக்டர் ரிட்டுக்ஸிமாப் எழுதிட்டாருன்னா, ட்ரிப் ஏத்துற நாளுக்கு முன்னாடியே முடிக்க வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கு, ஏத்தினப்புறம் அதுல சிலது பலிக்காது.

இந்த மருந்து பி செல் (நோய் எதிர்ப்பு வேலை பாக்கற ஒரு வகை வெள்ளை ரத்த அணு) மேல இருக்கற சிடி20ங்கற புரதத்தைப் பிடிச்சு அந்த செல்லையே காலி பண்ணிடும். ஆனா ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்கற புரதம்) தயாரிக்கற பிளாஸ்மா செல், அதுவும் பி செல்லுல இருந்து வந்ததுதான், அது மேல சிடி20 கிடையாது, அதனால எலும்பு மஜ்ஜைல உக்காந்திருக்கற பழைய ஆளுங்க தப்பிச்சிடுவாங்க. எப்பவோ போட்ட தட்டம்மை ஊசியோட ஆன்டிபாடி பெரும்பாலும் அப்படியே இருக்கும், புதுசா வர்ற கிருமியைப் பாத்து கத்துக்கத்தான் ஆள் இருக்காது.

அதனால மொதல்ல தடுப்பூசி. ஃப்ளூ, நிமோனியா ஊசி பாக்கி இருந்தா குறைஞ்சது 4 வாரம் முன்னாடி போட்டுடுங்க. உயிருள்ள கிருமி வெச்ச ஊசிய சிகிச்சை நடக்கறப்போ போடவே கூடாது.

அடுத்தது ஈரலைத் தாக்கற ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கான டெஸ்ட், என்னைக் கேட்டா இதுதான் ரொம்ப முக்கியம். சர்ஃபேஸ் ஆன்டிஜன் (வைரஸோட மேல்புற புரதம்) நெகட்டிவ்னு வந்ததும் அப்பாடான்னு விட்டுடாதீங்க, கோர் ஆன்டிபாடியும் சேத்து பாக்கச் சொல்லுங்க, எப்பவோ வந்து போன வைரஸ் ஈரல்ல பதுங்கி இருந்தா அதுல தெரியும், பி செல் போனதும் அது திரும்ப கிளம்பி ஈரலையே கெடுத்துடலாம். கூடவே ஐஜிஜிங்கற ஆன்டிபாடியோட அளவும் எடுத்து வெச்சுக்கோங்க, திரும்பத் திரும்ப ஏத்தினா அது இறங்கலாம், அப்போ ஒப்பிட்டுப் பாக்க பழைய நம்பர் வேணும்ல.

அன்னைக்கு பாராசிட்டமாலும் அலர்ஜி மருந்தும் குடுத்துட்டு, முதல் தடவை மெதுவாத்தான் ஏத்துவாங்க, பல மணி நேரம் ஆகும். குளிர் நடுக்கம், தொண்டைல அரிப்பு, மூச்சு இறுக்கம் எது வந்தாலும் அப்பவே நர்ஸ்கிட்ட சொல்லிடுங்க, பொறுத்துக்கிட்டு உக்காராதீங்க. பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்க அன்னைக்கு காலைல போடலாமான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க, ட்ரிப் ஓடறப்போ பிரஷர் இறங்கறது உண்டு.

அப்புறம் பி செல் எண்ணிக்கை பாக்கறப்போ ரிப்போர்ட்ல சிடி19னு இருக்கும், தப்பா போட்டுட்டாங்கன்னு பயப்படாதீங்க, சிடி20ய மருந்தே மறைச்சுடும், அதான் வேற அடையாளத்தை வெச்சு எண்றாங்க. பெரும்பாலும் 6 மாசத்துக்கு மேல மெல்ல திரும்ப வர ஆரம்பிக்கும், பழைய அளவுக்கு வர கிட்டத்தட்ட 1 வருஷம் ஆகும். அதுவரைக்கும் காய்ச்சல் வந்தா வீட்லயே மாத்திரை போட்டு சமாளிக்காம டாக்டருக்கு போன் பண்ணிடுங்க.