கார் இன்சூரன்ஸ் கிளைமை நிராகரித்துவிட்டார்களா?

போனில் சொல்லும் நிராகரிப்பை ஏற்காதீர்கள். எந்த நிபந்தனை மீறப்பட்டது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாலிசியில் அந்தப் பத்தியை எடுத்து வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

2024 ஜூனில் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான ஐஆர்டிஏஐ வெளியிட்ட மாஸ்டர் சர்க்குலர்தான் (விதிகளின் தொகுப்பு) இப்போது உங்கள் கையில் உள்ள பலமான ஆயுதம். ஆவணம் இல்லை என்பதற்காகக் கிளைமைத் தள்ளக் கூடாது. கம்பெனிக்குள் உள்ள உரிய குழுவின் ஒப்புதல் இல்லாமலும் நிராகரிக்க முடியாது. அந்த ஒப்புதல் எந்தத் தேதியில் கிடைத்தது என்று கேளுங்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயரின் அறிக்கைக்கு 15 நாள், அதன்பின் முடிவுக்கு 7 நாள்தான் கெடு.

புகைச் சான்று காலாவதி என்பது செல்லாத காரணம். 2020லேயே ஐஆர்டிஏஐ தெளிவுபடுத்திவிட்டது. கார் திருட்டில் போலீஸில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் வைத்து மறுக்க முடியாது. குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டியதோ, லைசென்ஸே இல்லாததோ உண்மையென்றால் வெல்வது கடினம்.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஐஆர்டிஏஐயின் புகார் தளமான பீமா பரோசாவிலும் பதியலாம், 155255க்கும் அழைக்கலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, திருப்தி இல்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஓம்புட்ஸ்மேனிடம் போங்கள். கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம், வரம்பு 50 லட்சம் ரூபாய். ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தால் இங்கே எடுக்கமாட்டார்கள்.

வண்டியை ரிப்பேர் செய்தாக வேண்டுமென்றால், சேதத்தை எல்லாக் கோணத்திலும் படமெடுத்து, கழற்றிய பம்பர், ஹெட்லைட்டைப் பத்திரப்படுத்துங்கள். பழைய பாகங்களை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டால் மறு சர்வேக்குக் காட்ட எதுவும் மிஞ்சாது.