பதின்பருவமும் அமானுஷ்யமும்: தொடர் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி மாணவர்களை மையமாகக் கொண்ட அமானுஷ்யத் தொடர்களில் அடிக்கடி காணப்படும் பெரிய தவறு, நட்பும் காதலும் தேர்வும் ஒரு தடத்திலும், பேயும் மந்திரமும் இன்னொரு தடத்திலும் ஓடுவதுதான். அப்படி எழுதினால் ஆபத்து நெருங்கும்போது பள்ளிக் காட்சிகள் இடையூறாகத் தோன்றும். பள்ளிக்குத் திரும்பும்போது ஆபத்தின் வேகம் அறுந்துபோகும். எதற்கு எத்தனை காட்சி என்று பங்கு பிரிப்பதால் இது சரியாகாது. அமானுஷ்யம் அந்த வயதுப் பிள்ளைகளின் அன்றாட வேதனையிலிருந்தே முளைக்க வேண்டும்.

ரத்தக்காட்டேரிகளையும் பூதங்களையும் ரகசியமாக வேட்டையாடும் பள்ளி மாணவி பஃபியின் கதையாக 1997 முதல் 2003 வரை ஒளிபரப்பான 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' என்ற அமெரிக்கத் தொடர், இதைக் கற்றுக்கொள்ள மிகச் சிறந்தது என்பேன். அதன் முதல் சீசனில், வகுப்பில் ஒருவரும் கவனிக்காத மாணவி ஒருத்தி உண்மையாகவே கண்ணுக்குத் தெரியாதவளாகி, தன்னைப் புறக்கணித்தவர்களைத் தாக்கத் தொடங்குகிறாள். இரண்டாம் சீசனில், நாயகியும் ரத்தக்காட்டேரியான அவள் காதலனும் முதன்முதலாகக் கூடிய இரவோடு, அவன்மேல் இருந்த சாபத்தின்படி அவன் ஆன்மாவை இழந்து கொடியவனாகிறான். உயிராய் நேசித்தவன் விடிந்ததும் அந்நியனாகிவிடும் துயரம் ரத்தக்காட்டேரிகளே இல்லாத உலகிலும் உண்டு என்பதால்தான் அந்தக் காட்சிகள் நெஞ்சைப் பிழிகின்றன. ஆனால் இந்த உட்பொருளைக் கதாபாத்திரங்களே வசனமாகப் பேசிவிட்டால் எல்லாம் கெட்டுவிடும். பார்வையாளர் தாமாக உணர இடம் விட வேண்டும்.

நாயகர்கள் தங்கள் அமானுஷ்ய வாழ்வை மறைக்கும் ரகசியத்தை விலையின்றி நீட்டிப்பது அடுத்த தவறு. ஒவ்வொரு பொய்யும் ஒரு நட்பையோ நம்பிக்கையையோ சிறிதாவது தேய்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் எதையும் கவனிக்காத பெற்றோர் நம்பத்தக்கவர்களாக இருப்பதில்லை. மேற்சொன்ன தொடரில் இரண்டாம் சீசன் இறுதியிலேயே பஃபியின் தாய்க்கு உண்மை தெரிந்துவிடுகிறது. அதனால் மூளும் சண்டை பூதங்களோடு நடக்கும் போரைவிடக் கூர்மையாக இருக்கிறது.

மாணவர் ஒருவர் இறந்த மறுவாரமே எல்லோரும் நடன விழாவுக்குத் தயாராவதும் பார்வையாளரை விலக்கிவிடும். 2016இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரின் முதல் சீசனில் பார்ப் என்ற பெண்ணின் மரணத்துக்கு உரிய கவனம் இல்லை என்று ரசிகர்கள் வருந்தினார்கள். அவளுடைய தோழியின் குற்றவுணர்வையும், அவளுக்கு நீதி தேடும் முயற்சியையும் இரண்டாம் சீசன் கதையாக்கியது.

சீசனுக்குச் சீசன் உலக அழிவைப் பெரிதாக்கிக்கொண்டே போவதும் ஆபத்தானது. உலகமே அழியப்போகும்போது தோழியோடு ஏற்பட்ட மனக்கசப்பு அற்பமாகிவிடும். ஆனால் அந்த வயதில் அந்த மனக்கசப்பே உலக அழிவு என்பதை எழுதுபவர் மறக்கக் கூடாது.

கடைசியாக, எல்லாத் துன்பத்துக்கும் மாயக் காரணமோ மாயத் தீர்வோ தர வேண்டியதில்லை. பஃபி தொடரில் 2001இல் வெளியான 'த பாடி' என்ற அத்தியாயத்தில் பஃபியின் தாய் நோயால் இறக்கிறாள். பின்னணி இசையே இல்லாத அந்த அத்தியாயத்தில், அத்தனை பூதங்களை வென்ற மகளால் அந்த மரணத்தைத் தடுக்க முடியவில்லை. அவளுடைய வலிமையின் எல்லையை அந்த இழப்பு காட்டியதுபோல் எந்தப் பூதமும் காட்டவில்லை.