தேனீக் கடிக்குச் சுண்ணாம்பு: என் அனுபவம்
மாடியில் துணி எடுக்கப் போனபோது புறங்கையில் ஒரு தேனீ கொட்டிவிட்டது. அம்மா சுண்ணாம்பு டப்பாவோடு ஓடி வந்தார். தேனீ விஷம் அமிலம், சுண்ணாம்பு காரம், சேர்ந்தால் நடுநிலை. பள்ளியில் படித்த கணக்கு எனக்கும் சரியாகத்தான் பட்டது. அப்பிக்கொண்டேன். வலி குறையவில்லை. மறுநாள் தோல் வெந்து உரிந்தது. அது தேனீயின் வேலை அல்ல, சுண்ணாம்பின் வேலை.

அப்புறம்தான் படித்துப் பார்த்தேன். விஷத்தில் அமிலத்தன்மை உண்டு, ஆனால் வலிக்கு முக்கியக் காரணம் மெலிட்டின் என்ற சிறு புரதம். உலர்ந்த விஷத்தில் ஏறக்குறைய பாதி அதுதான். ஊசி போட்டதுபோல் தோலுக்கு அடியில் இறங்கிய விஷத்தை மேலே பூசுகிற சுண்ணாம்போ சமையல் சோடாவோ எட்டாது. குளவிக்கு வினிகர் என்பதும் இதே கதைதான். மாமரத்து முசுறு எறும்பு வேறு ரகம். கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். அதற்கும் தண்ணீரில் நன்றாகக் கழுவினாலே போதும்.

அடுத்த முறை கொட்டியபோது கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுத்தேன். தோலில் நின்றால் ஒரு நிமிடம் வரைகூட அதன் பை விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். மோதிரத்தைக் கழற்றி, சோப்பு போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வைத்தேன். இரவுக்குள் வலி அடங்கியது. மூச்சுத் திணறினாலோ முகம், உதடு வீங்கினாலோ இதெல்லாம் வேண்டாம், நேரே 108.

அம்மா மட்டும் இன்னும் சுண்ணாம்பைத்தான் முதலில் தேடுகிறார்.