ரீஃப் டேங்க்குக்குத் திரும்புகிறீர்களா? விளக்கிலும் கருவிகளிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்துப் பதினைந்து வருடம் கழித்து மறுபடியும் ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைக்க வருபவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. புதிதாக வருபவர் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்வார். திரும்பி வருபவருக்குப் பாதி ஏற்கெனவே தெரியும். அதில் எது காலாவதியாகிவிட்டது என்பதுதான் தெரியாது. தண்ணீர்க் கணக்குகள் பெரிதாக மாறவில்லை. உப்புச் செறிவு ஆயிரத்துக்கு 35, கால்சியம் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) சுற்றுவட்டாரம், மெக்னீசியம் 1300 பக்கம், அல்கலினிட்டி (தண்ணீரின் கார்பனேட் இருப்பு) அதற்கான டிகேஎச் அலகில் 7 முதல் 9 என்று அன்று படித்தது இன்றும் செல்லும். கருவிகள்தான் மாறிவிட்டன. பழைய கருவிகளை வைத்துச் சொன்ன விதிகள் அவற்றோடு சேர்ந்து காலாவதியாகிவிட்டன.

அதில் முதலாவது, இத்தனை கேலனுக்கு இத்தனை வாட் என்ற கணக்கு. எல்லோரும் ஒரே மாதிரியான குழல்விளக்குகளைப் போட்ட காலத்தில் அது ஓரளவுக்கு வேலை செய்தது. வாட் என்பது விளக்கு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். ஒரே வாட் உள்ள இரண்டு எல்இடி விளக்குகள், லென்ஸ் கோணமும் சில்லுகளின் நிறமும் வேறாக இருந்தால், மணல்மட்டத்தில் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு வித்தியாசம் காட்டலாம். பவளத்துக்கு வேண்டியது 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி. ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் போட்டான் விழுகிறது என்று அதை அளக்கிறார்கள். ‘பார்’ அளவு என்று சொல்வது இதைத்தான். கல் எலும்புக்கூடு இல்லாத சாஃப்ட் கோரல்களுக்கு 50 முதல் 150, எல்பிஎஸ் (பெரிய பாலிப் கொண்ட கல்பவளம்) வகைகளுக்கு 80 முதல் 200, அக்ரோபோரா போன்ற எஸ்பிஎஸ் (சிறிய பாலிப் கொண்ட கல்பவளம்) வகைகளுக்கு 200 முதல் 350 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பில்லை. எந்தப் பவளம் வளர்க்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் விளக்கு வாங்கக் கூடாது என்பதற்கு இந்த எண்களே காரணம். சாஃப்ட் கோரல் மட்டும் வைக்கப்போகிறவர் எஸ்பிஎஸ் விளக்கை வாங்கிவிட்டு, அதை வாழ்நாள் முழுக்கக் கால்வாசி வெளிச்சத்தில் ஓட்டுவதைப் பார்க்கலாம்.

கண்ணை நம்பி வெளிச்சத்தைக் கூட்டுவது

திரும்பி வருபவர்கள் அதிகம் பவளம் இழப்பது இங்கேதான், கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்ப்போம்.

மனிதக் கண்ணுக்குப் பகல் வெளிச்சத்தில் மிக நன்றாகத் தெரிவது 555 நானோமீட்டர் பக்கம் உள்ள பச்சை. 450 நானோமீட்டர் நீலத்துக்கு நம் கண்ணின் கூருணர்வு அதில் சுமார் 4 சதவீதம்தான். பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசியின் கதை நேர் எதிர். அதிலுள்ள குளோரோஃபில்களும் பெரிடினின் என்ற நிறமியும் நீலத்தை வாரி எடுத்துக்கொள்ளும். ஆக, நீல எல்இடியின் கீழ் நமக்கு மங்கலாகத் தெரியும் தொட்டியில் பார் அளவு தாராளமாக 300 இருக்கலாம். அந்தக் கால 10,000 கெல்வின் மெட்டல் ஹாலைடு விளக்கின் வெள்ளை வெளிச்சத்துக்குப் பழகிய கண், இதைப் பார்த்ததும் ‘இது பத்தாதே’ என்று சொல்லும். வெள்ளையை ஏற்றுவார், எல்லாவற்றையும் 100 சதவீதத்தில் வைப்பார், ஒன்றிரண்டு வாரத்தில் பவளம் வெளிறத் தொடங்கும். வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து இன்னும் கூட்டினால் கதை முடிந்தது.

நடப்பது என்னவென்றால், தாங்கும் அளவுக்கு மேல் ஒளி விழும்போது நுண்பாசியின் ஒளிச்சேர்க்கை அமைப்பில் தீங்கான ஆக்சிஜன் சேர்மங்கள் உருவாகின்றன. பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளுகிறது. நிறம் கொடுத்தது அதுதான் என்பதால் அடியில் இருக்கும் வெள்ளை எலும்புக்கூடு தெரிகிறது.

வெளிச்சம் அதிகமா, குறைவா என்று பவளத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். குறைவாக இருந்தால் பழுப்பேறும், ஏனென்றால் பவளம் அதிகப் பாசியைச் சேர்த்துக்கொள்கிறது. சில வகைகள் விளக்கை நோக்கி நீளும். அதிகமானால் சுருங்கும், வெளிறும். அந்த வெளிறலும் விளக்கைப் பார்த்த மேல்புறத்தில் முதலில் தொடங்கும், நிழல் விழும் அடிப்புறத்தில் நிறம் மிச்சமிருக்கும். மேலும் கீழும் ஒரே மாதிரி வெளிறினால் விளக்கைத் தொடாதீர்கள். முதலில் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சோதியுங்கள். பட்டினியாலும் பவளம் வெளிறும்.

புது விளக்கை 30, 40 சதவீதத்தில் தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சமாக, ஒரு மாதம் ஒன்றரை மாதம் எடுத்துக்கொண்டு ஏற்றுவதுதான் சரியான வழி. பல விளக்குகளில் இதற்கென்றே ஒரு பழக்கப்படுத்தும் முறை இருக்கிறது. பெட்டியைப் பிரித்த அன்றே அதை ஆன் செய்துவிடலாம். விளக்கு ஏறிக்கொண்டிருக்கும் வாரத்தில் பவளத்தையும் இடம் மாற்றாதீர்கள், உரத்தையும் மாற்றாதீர்கள். எதனால் என்ன நடந்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

நேரத்தைக் கூட்டுவதும் வெளிச்சத்தைக் கூட்டுவதும் ஒன்று என்று சிலர் நினைக்கிறார்கள். பார் 200 அளவில் 9 மணி நேரம் எரித்தால் ஒரு நாளைக்கு ஒரு சதுர மீட்டரில் 6.48 மோல் ஒளி. 300 அளவில் 6 மணி நேரம் எரித்தாலும் அதே 6.48. கூட்டுத்தொகை ஒன்றானாலும் பவளத்துக்கு இரண்டும் ஒன்றல்ல. ஒரு அளவுக்கு மேல் ஒளிச்சேர்க்கை ஏறாது. அதற்கு மேல் விழுவதெல்லாம் சுமைதான். சந்தேகமாக இருந்தால் நேரத்தைக் கூட்டுங்கள், உச்ச வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள்.

அளப்பதற்கு லக்ஸ் மீட்டரையோ போன் செயலியையோ நம்ப முடியாது. லக்ஸ் என்பதே மனிதக் கண்ணின் உணர்வை வைத்து வகுத்த அளவு, நீல விளக்கின் கீழ் கண்ணைப் போலவே அதுவும் ஏமாறும். பார் மீட்டர் விலை அதிகம். ஓரிரு நாளுக்கு இரவல் கிடைத்தாலே போதும். அப்போஜி நிறுவனத்தின் எம்க்யூ-510 போல நீருக்கடியில் அளக்கவும் முழு நிறமாலையைப் படிக்கவும் செய்த கருவியாக இருப்பது நல்லது. பழைய சென்சார்கள் ஆழ்ந்த நீலத்தைக் குறைத்துக் காட்டும். மணல்மட்டம், நடுப்பாறை, உச்சி, மூலைகள் என்று அளந்து ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டால் அடுத்த இரண்டு வருடத்துக்குப் பவளம் வைக்கும் இடத்தை அந்தத் தாளே சொல்லும்.

ஒரே பெரிய விளக்கு வாங்குவது

மெட்டல் ஹாலைடின் அகன்ற பிரதிபலிப்பானும் வரிசையாக நிற்கும் டி5 என்ற மெல்லிய குழல்விளக்குகளும் பல கோணங்களிலிருந்து ஒளியைத் தந்தன. எல்இடியில் ஒளி ஒரு சின்னப் பலகையிலிருந்து லென்ஸ் வழியாக வருகிறது. நடுவில் 400, மூலையில் 80 என்பது சாதாரணமாக நடக்கும். அதைவிட மோசம் நிழல். எஸ்பிஎஸ் கிளைகள் வளர வளரத் தன் நிழலிலேயே அடிக்கிளைகள் செத்துப்போகும், அதுவும் ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். அதே பணத்துக்கு ஒரு வலுவான விளக்குக்குப் பதில் இரண்டு நடுத்தர விளக்குகளைப் பிரித்து மாட்டுவதையே நான் சொல்வேன். கொஞ்சம் உயர்த்தி மாட்டினாலும் பரவல் கூடும், அடியில் தீவிரம் குறையும்.

சரி, பழைய டி5, ஹாலைடு எல்லாம் வேண்டவே வேண்டாமா? அப்படியில்லை. ஹாலைடின் கீழ் பவளம் அழகாக வளர்ந்தது, இன்றும் வளரும். வெப்பமும் மின்கட்டணமும் ஆவியாகும் தண்ணீரும்தான் தொல்லை. டி5-யுடன் எல்இடியைச் சேர்த்த கலப்பு விளக்குகளின் பரவலுக்கு இன்றும் ஈடு குறைவு. ஆனால் டி5 குழல்களை 9 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பாதரசம் காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்டிலிருந்து பொதுப் பயன்பாட்டு டி5, டி8 குழல்கள் புதிதாகச் சந்தைக்கு வருவதை நிறுத்திவிட்டது. மாற்றுக் குழல் தொடர்ந்து கிடைக்குமா என்று பார்க்காமல் டி5 விளக்குச் சட்டகத்தில் பணம் போடாதீர்கள்.

பரணில் இருப்பதை அப்படியே இறக்குவது

பழைய ஹீட்டரை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். உள்ளே இருக்கும் தொடுமுனை ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையாமல் எரிந்து ஒரே ராத்திரியில் தொட்டியை வேகவைத்துவிடும். ஒரு பெரிய ஹீட்டரைவிட இரண்டு சிறியவை மேல், ஏனென்றால் ஒன்று அணைய மறுத்தாலும் அதற்குத் தொட்டியைச் சூடேற்றும் வலு இருக்காது. வெளியே தனியாக ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் வேண்டும்.

தேதி கடந்த சோதனைக் கிட், கட்டிபட்ட உப்புப் பை, காய்ந்துபோன ஆர்ஓ சவ்வு எல்லாமே குப்பைக்கு. உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் சுத்தத் தண்ணீரில் பூஜ்யம் காட்டுகிறது என்று திருப்திப்படாதீர்கள். பூஜ்யத்தில் சரியாக இருந்துகொண்டே 35-இல் பிசகும் கருவிகள் நிறைய. 35 அளவுக்கான தரக் கரைசலில் சரிபாருங்கள். தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரின் காந்தத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலுறையில் விரிசலோ வீக்கமோ துருவோ இருந்தால் அது தண்ணீரில் உலோகத்தைக் கசியவிடும். பழைய தொட்டியை வெளியே வைத்து, சமமான தளத்தில், ஒரு வாரமாவது நிரப்பி வையுங்கள். வேறொருவரிடமிருந்து வாங்கியது என்றால் அதில் எப்போதாவது செம்பு மருந்து போட்டார்களா என்று கேட்க வேண்டும். முதுகெலும்பில்லாத உயிர்களுக்குச் செம்பு விஷம்.

பழைய பாறைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சுத்தம் செய்கிறேன் என்று அவற்றை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள். சோவாந்திட் (பாறையில் படர்ந்து வளரும், பவளத்துக்கு உறவான உயிரி) வகை ஒட்டியிருந்த பாறையில் பாலிடாக்சின் என்ற கடும் நச்சு இருக்கலாம். அது சூட்டில் எளிதில் அழியாது, ஆவியோடு மூச்சில் போகும். குடும்பத்தோடு மருத்துவமனை போனவர்கள் உண்டு. காய்ந்த பாறைதானே என்று சுரண்டுவதும் கூடாது. கையுறையும் கண்ணாடியும் போட்டு, திறந்த வெளியில், தண்ணீரில் ஊறவைத்து, வாரக்கணக்கில் தண்ணீரை மாற்றிக்கொண்டே பாஸ்பேட்டை இறக்குவதுதான் வழி.

பூஜ்யத்தைத் துரத்துவது

அந்தக் காலத்தில் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம் என்பதுதான் பெருமை. அதற்காகவே தொட்டிக்கு இரண்டு மடங்கு பெரிய ஸ்கிம்மர் (நுரையில் கழிவைப் பிரித்தெடுக்கும் கருவி) வாங்குவோம். இப்போது புதுத் தொட்டிகள் பெரும்பாலும் உயிரற்ற உலர்பாறையில் தொடங்குகின்றன. அதன்மேல் வலுவான எல்இடி, மேலே பூஜ்ய ஊட்டம் என்றால் டைனோஃப்ளாஜலேட் என்ற நுண்ணுயிர் வந்து உட்கார்ந்துவிடும்: குமிழி கோத்த பழுப்புச் சளி, உறிஞ்சி எடுத்தால் சாயங்காலத்துக்குள் திரும்பி வரும். நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருக்கட்டும். ஸ்கிம்மர் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு தாராளமானது என்பது உண்மைதான், அதற்காக மிகப் பெரியதை வாங்கினால் மீன் குறைவான தொட்டியில் நுரையே நிற்காது. வாங்குமுன் சம்ப்பில் (கருவிகள் வைக்கும் துணைத் தொட்டி) ஸ்கிம்மர் நிற்கும் அறையில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் நிற்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். ஸ்கிம்மர் ஒழுங்காக ஓடாததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

நீரோட்டத்துக்கு, சம்ப்பிலிருந்து தொட்டிக்குத் தண்ணீரை ஏற்றும் ரிட்டர்ன் பம்பை நம்ப வேண்டியதில்லை. மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப்போல் 4, 5 மடங்கு திரும்பி வந்தால் போதும், மற்றதை வேவ்மேக்கர் பார்த்துக்கொள்ளும். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் தண்ணீரை மேலே ஏற்றாமல் அளந்தது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

எதை உடனே வாங்குவது, எது காத்திருக்கலாம்? ஆவியாகும் நீரை ஈடுசெய்யும் தானியங்கிக் கருவி முதல் நாளிலிருந்தே வேண்டும், அதுவும் இரண்டு சென்சார் உள்ளதாக. அதன் சேமிப்புக் கலனை ரொம்பப் பெரிதாக வைக்கக் கூடாது. 100 லிட்டர் தொட்டியில் 10 லிட்டர் கலன் முழுதாகக் கவிழ்ந்தால் உப்பு 35-லிருந்து 31.8-க்கு இறங்கும், பவளம் வாடும் ஆனால் பெரும்பாலும் பிழைக்கும். கலன் 40 லிட்டர் என்றால் 25. மின்சாரம் போனால் ஒரு வேவ்மேக்கரையாவது ஓட்ட பேட்டரி வேண்டும். எல்லாவற்றையும் போனில் காட்டும் கன்ட்ரோலர் காத்திருக்கட்டும். சத்துகளைத் தானாகச் சேர்க்கும் டோசிங் பம்பும் அப்படித்தான்: எதையும் சேர்க்காமல் மூன்று நாள் இடைவெளியில் அல்கலினிட்டியை அளந்து, இறங்கியதை மூன்றால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 0.1 டிகேஎச் கூட இறங்கவில்லை என்றால் வாராந்திரத் தண்ணீர் மாற்றமே அதைப் பெரும்பாலும் சமாளித்துவிடும்.