சீன ஆயுதக்கலை: முதலில் கம்பு

சீன மரபில் ஆயுதங்கள் எத்தனையோ இருந்தாலும் அடிப்படை நான்குதான்: கம்பு (குன்), ஒருபக்கம் மட்டும் கூரான வளைவாள் (தாவோ), ஈட்டி (சியாங்), இருபக்கமும் கூரான நேர்வாள் (ஜியன்). "கம்புக்கு மாதம், வளைவாளுக்கு வருடம், ஈட்டிக்கு ஆயுள்" என்று அங்கே ஒரு சொலவடை உண்டு. வாளுக்கு ஆசைப்பட்டு வருகிற பிள்ளைக்கும் கம்பைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். இரண்டு கையாலும் பிடிப்பதால் இடுப்பும் காலும் சேர்ந்து வேலை செய்யப் பழகும். ஒற்றைக்கை வாளில் தொடங்குபவருக்கு மணிக்கட்டும் தோளும் தனியே பாரம் தாங்கி, கெதியில் நோ எடுத்துவிடும்.

கம்பின் நீளம் நிலத்திலிருந்து உங்கள் புருவம் வரை. பிடிக்கிற அடிப்பக்கம் ஒன்றேகால் அங்குலத் தடிப்பும் நுனி முக்கால் அங்குலமும் இருந்தால் போதும். சீனாவில் வெண்மெழுகு மரம் என்கிற, வளைந்து கொடுக்கும் மரத்தில் செய்வார்கள். வன்னியில் கைக்கெட்டுகிற முதிரையும் பாலையும் உறுதிதான், ஆனால் புதிதாகப் பழகுபவருக்குப் பாரம் கூட. அடியின் அதிர்வு நேரே மணிக்கட்டுக்கு வரும். மரக்காலையில் மண்வெட்டிப்பிடிக்கு எடுக்கிற, நார் நேராக ஓடும் மரத்தைக் கேளுங்கள். சீமெந்து நிலத்தில் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரியும். கணு உள்ள இடத்தில்தான் முறியும், அதை எடுக்க வேண்டாம். கம்பு வெட்டவென்று காட்டுக்குள் இறங்கவே வேண்டாம்: ஒதுக்குக்காட்டில் வெட்டுவது குற்றம், கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்களும் இன்னும் இருக்கின்றன. வார்னிஷ் பூசினால் வியர்வையில் கை ஒட்டி, கம்பு வழுக்கி ஓடாது. சான்ட்பேப்பர் போட்டு, லின்சீட் எண்ணெய் மெல்லியதாகத் தேய்த்தால் காணும்.

கம்பைத் தூக்குமுன் இரண்டு நிலைகள் வர வேண்டும். மாபு (குதிரை நிலை): பாதங்களுக்கு நடுவே உங்கள் பாதத்தின் நீளத்தில் மூன்று மடங்கு இடைவெளி விட்டு, குதிரையில் இருப்பதுபோல் முழங்கால் மடித்து, முதுகு நேராக. கொங்பு (வில் நிலை): ஒரு கால் முன்னும் மற்றது பின்னுமாக, நடுவே நாலு பாத நீளம், முன்முழங்கால் விரல்நுனியைத் தாண்டாமல், பின்குதி நிலத்தில். ஒவ்வொன்றிலும் 30 செக்கன் ஆடாமல் நிற்க முடியாதவர் கம்பு சுழற்றினால் நாரிதான் பிடிக்கும். கிறவல் நிலத்தில் கால் வழுக்கும்; இறுகிய மண்முற்றமோ பாடசாலை மைதானமோ நல்லது. வெயில் ஏறமுதல் முடித்துவிடுங்கள்.

முதல் அடி பீ, மேலிருந்து வெட்டுவது. முன்கை (கம்பில் முன்னே பிடித்த கை) தள்ளுகிற அதே நேரம் பின்கை (அடியைப் பிடித்த கை) கம்பின் அடியை இடுப்புக்கு இழுக்க வேண்டும். நுனி இடுப்பு உயரத்தில் நிற்கும். நுனி நிலத்தில் மோதினால் பின்கை தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்துக்கு 20 தடவை, மெதுவாக.

அடுத்தது குத்து. பின்கைதான் தள்ளும், முன்கை ஒரு குழாயைப் போல, கம்பு அதற்குள் ஓடும். முன்கையை இறுக்கிப் பிடிப்பதுதான் எல்லோரும் விடுகிற பிழை. போத்தல் மூடி ஒன்றை நூலில் கட்டி நெஞ்சு உயரத்தில் தொங்கவிட்டுக் குத்திப் பாருங்கள். நுனி மேலும் கீழும் போனால் பின்கை இடுப்பு மட்டத்தை விட்டு விலகுகிறது.

பிறகு எட்டு வடிவச் சுழற்சி. சிலம்படி தெரிந்தவருக்கு வேகம் உடனே வரும், ஆனால் கையால் மட்டும் அகலச் சுற்றுவார். இங்கே கம்பு உடம்பை ஒட்டி இரு பக்கமும் இறங்க வேண்டும், திரும்புவது இடுப்பு. தோளிலிருந்து ஒரு முழம் தள்ளி இரு பக்கமும் கயிறு கட்டி நடுவில் நின்று சுற்றுங்கள். கயிற்றில் தட்டாதபோதுதான் வேகம் கூட்டலாம்.

இவை படிந்தபின் ஈட்டிக்குப் போகலாம். கையை உயர்த்தினால் நடுவிரல் நுனி வரை அதன் நீளம். பயிற்சி மூன்றே அசைவு: வெளியே வளைத்துத் தடுக்கும் லான், உள்ளே வளைத்து அமுக்கும் நா, குத்தும் ஜா. பின்கை ஈட்டியின் அடியை மூடி இடுப்போடு ஒட்டியே இருக்கும். வட்டம் பெரிதாகப் பெரிதாகத் தடுப்பு பிந்தும்.

வளைவாளுக்கு மரவாள் போதும். வாள்வெட்டுச் செய்தி வருகிற ஊர்களில் உலோக வாளோடு வீதியால் போவது புத்தியல்ல. மரவாளையும் உறையில் போட்டுக் கொண்டுபோங்கள். முக்கியப் பயிற்சி தலையைச் சுற்றி எடுப்பது: நுனி கீழே தொங்க, வாளின் மொட்டைப்பக்கம் முதுகை ஒட்டி ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு வரும். முழங்கை தாழ்ந்தால் வாள் தலையில் படும். சுவருக்கு முதுகு காட்டி இரண்டு சாண் தள்ளி நின்று செய்தால், அகலப் போகிற வாள் சுவரில் தட்டிக் காட்டிக்கொடுக்கும். நேர்வாளில் இருபக்கமும் கூர் என்பதால் இப்படி உடம்போடு ஒட்டிச் சுற்ற முடியாது. அதனால் அதைக் கடைசிக்கு விடுங்கள்.

பழகி முடிந்ததும் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளையும், நிலத்தில் போட்டால் கறையான் ஏறும். வீட்டுக்குள் இரண்டு ஆணி அடித்து, படுக்கையாக வையுங்கள். வாரம் ஒருமுறை கையை நுனிவரை ஓட்டிப் பாருங்கள். சிராய் இருந்தால் தேய்க்கலாம், நீளவாக்கில் வெடிப்புத் தெரிந்தால் அந்தக் கம்பு அடுப்புக்குத்தான்.