நிற்க முடியாத பிள்ளையின் உயரம், எடை, கஞ்சி: மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கு ஒரு செய்முறை

"மூளை முடக்குவாதப் பிள்ளை ஒல்லியாத்தான் இருக்கும்" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். இதில் பாதிதான் உண்மை. மூளைப் பாதிப்பாலும், கால்களில் பாரம் ஊன்றி நடக்காததாலும் பிள்ளை சற்றுக் குட்டையாக வளரலாம். விலா எலும்பு துருத்திக்கொண்டு, கைச்சதையைக் கிள்ளினால் தோல் மட்டும் வருகிறதென்றால் அது வேறு விஷயம். வயிற்றுக்குப் போதுமானது போகவில்லை. குட்டையா, பட்டினியா என்று பிரித்துச் சொல்ல அளவு வேண்டும்.

படி 1: எடை

100 கிராம் துல்லியமுள்ள டிஜிட்டல் எடைமெஷின் போதும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். கால் பட்டை, ஷூ, நனைந்த டயப்பர் மூன்றையும் கழற்றிவிட வேண்டும். இவை சேர்ந்தால் ஒரு மாத வளர்ச்சியையே மறைத்துவிடும். மாதம் ஒருமுறை, காலையில், அதே மெஷினில்.

படி 2: முழங்காலிலிருந்து உயரம்

கால் மடங்கி இறுகிய பிள்ளையைப் படுக்க வைத்து நாடாவால் அளந்தால் வருவது உயரமில்லை, ஊகம். அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள்:

1. முழங்கால், கணுக்கால் இரண்டும் செங்கோணத்தில் இருக்கும்படி உட்கார வையுங்கள். பாதிப்புக் குறைந்த பக்கத்தையே எப்போதும் அளக்க வேண்டும்.
2. குதிகாலுக்கு அடியில் ஒரு கெட்டி அட்டை, முழங்காலுக்கு மேல் இன்னொன்று.
3. இரண்டு அட்டைகளுக்கும் நடுவே நேரான ஸ்கேலால் அளக்கவும். துணி நாடா கெண்டைக்கால் சதையின் மேல் வளைந்து அளவைக் கூட்டிக் காட்டும்.
4. மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் முதலிலிருந்து தொடங்குங்கள்.

உயரம் = (2.69 × முழங்கால் அளவு) + 24.2. முழங்கால் அளவு 32 செ.மீ. என்றால் உயரம் சுமார் 110 செ.மீ. 1995இல் ஸ்டீவன்சன் வெளியிட்ட இந்தச் சூத்திரம் 12 வயது வரைக்கும்தான். ஒரு சென்டிமீட்டர் முன்பின் இருக்கும். குதிகால் தூக்கி இறுகியிருந்தால் முழங்காலின் உட்புற எலும்பு விளிம்பிலிருந்து உட்கணுக்கால் எலும்பின் கீழ் விளிம்பு வரை அளந்து, அதை 3.26ஆல் பெருக்கி 30.8 கூட்டுங்கள்.

மேற்கையின் பின்புறத் தோல்மடிப்பைக் கருவி வைத்து மருத்துவமனையில் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் கடைசிப் பத்துப் பேருக்குள் வந்தால், எடை அட்டவணை என்ன சொன்னாலும் கவனிக்க வேண்டிய பிள்ளை.

படி 3: எவ்வளவு வேண்டும்

நடக்காத பிள்ளைக்கு உயரத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சுமார் 11 கலோரி, நடக்கும் பிள்ளைக்கு 14. மேலே சொன்ன 110 செ.மீ. பிள்ளை நடக்காதவர் என்றால் நாளுக்கு 1,200 கலோரி. கைகால் ஓயாமல் முறுக்கி அசையும் வகைப் பிள்ளைக்கு இது பற்றாது. இது தொடக்கக் கணக்குதான். அடுத்த மாத எடையைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 4: கிண்ணம் அதே, கஞ்சி வேறு

பெரும்பாலான வீடுகளில் சறுக்குவது இங்கேதான். பிள்ளை கூடுதலாக விழுங்காது, அதனால் விழுங்குவதையே கனமாக்க வேண்டும். 30 கிராம் சத்துமாவைத் தண்ணீரில் காய்ச்சினால் 110 கலோரிதான். அதே மாவை 200 மி.லி. பாலில் காய்ச்சி, இறக்கியதும் ஒரு டீஸ்பூன் நெய், மைய அரைத்த வறுத்த வேர்க்கடலை 10 கிராம் சேர்த்தால் 340 தாண்டும். வேர்க்கடலையில் ஒரு பருக்கைகூட நிற்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும். முதல் நாள் கால் டீஸ்பூன் கொடுத்து ஒவ்வாமை இல்லையென்று பாருங்கள்.

நெய்யை ஒரேயடியாக ஊற்றாதீர்கள், பேதியாகும். மூன்று நாளுக்கு ஒருமுறை அரை டீஸ்பூனாகக் கூட்டுங்கள். எலும்பும் தோலுமாக இருக்கும் பிள்ளைக்கு வீட்டிலேயே வேகமாகக் கூட்டுவது ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் திடீரென இறங்கிவிடும் என்பதால் மருத்துவர் கண்காணிப்பில்தான் தொடங்க வேண்டும்.

கஞ்சி பத்து நிமிடத்தில் நீர்த்துப்போகிறதா? எச்சில் பட்ட ஸ்பூன்தான் காரணம். எச்சிலிலுள்ள நொதி மாவுச்சத்தை உடைக்கிறது. சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஊட்டுங்கள். முளைகட்டிய கேழ்வரகு மாவும் இதே வேலையைச் செய்யும். குழைவாகச் சாப்பிடும் பிள்ளைக்கு அது வசதி, கூடுதல் மாவு சேர்க்கலாம். கெட்டியாக மட்டுமே விழுங்கத் தெரிந்த பிள்ளைக்கு வேண்டாம்.

படி 5: உட்காரவைப்பது

இடுப்பு நாற்காலியின் பின்புறம் ஒட்டியிருக்க வேண்டும், பாதத்துக்கு அடியில் பலகை, தாடை சற்றே கீழே. ஊட்டுபவரும் பிள்ளையின் கண்மட்டத்தில் உட்கார வேண்டும். நின்றபடி ஊட்டினால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும், மூச்சுக்குழாய் திறந்துகொண்டு உணவு அதற்குள் போகலாம். மடியில் மல்லாத்தி ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். ஸ்பூன் தட்டையாக, நேர் எதிரிலிருந்து போக வேண்டும். பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டால் இழுக்காமல் காத்திருங்கள். முடிந்ததும் அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும்.

படி 6: தண்ணீர்

இருமல், கண்ணில் நீர், சாப்பிட்டபின் கரகரத்த குரல், அடிக்கடி சளிக்காய்ச்சல்: இவற்றில் ஏதாவது இருந்தால் தண்ணீரோ உணவோ நுரையீரலுக்குள் போகிறது என்று சந்தேகியுங்கள். சில பிள்ளைகள் இருமவே மாட்டார்கள், சளிக்காய்ச்சல் மட்டும் மாறி மாறி வரும். அப்போது தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டியிருக்கலாம். எவ்வளவு கெட்டி தேவை என்பதை விழுங்கும் பயிற்சி தருபவர் சொல்வார். அந்தக் கெட்டியைத் தினமும் ஒரே மாதிரி கொண்டுவர ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச் உதவும். 0 முதல் 10 வரையிலான கோடு 61.5 மி.மீ. இருக்கிறதா பாருங்கள். கெட்டியாக்கிய நீரை 10 வரை நிரப்பி, பத்து விநாடி ஒழுகவிட்டு மீதியைப் படியுங்கள். 1 மி.லி.க்குக் குறைவு என்றால் வெறும் தண்ணீர். 1 முதல் 4 மிக லேசான கெட்டி. 4 முதல் 8 லேசான கெட்டி. அதற்கு மேல் நின்றாலும் கொஞ்சமாவது ஒழுகினால் நடுத்தரக் கெட்டி.

12 கிலோ பிள்ளைக்கு உணவிலுள்ளதையும் சேர்த்து நாளுக்குச் சுமார் 1,100 மி.லி. நீர் வேண்டும். குறைந்தால் மலச்சிக்கல், மலச்சிக்கலால் பசியின்மை, அதனால் எடையும் இறங்கும்.

குழாய் எப்போது

ஒரு வேளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல், நாளுக்கு மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஊட்டியும் எடை ஏறவில்லை என்றால், வயிற்றுக்கு நேராக உணவு செலுத்தும் குழாய் பற்றி மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். வாய்ச்சுவை போய்விடும் என்று பயப்பட வேண்டாம். பாதுகாப்பாக விழுங்க முடிந்த அளவு வாயிலும் கொடுக்கலாம். குழாய் வந்தபின் ஆபத்து மறுபக்கம் திரும்புகிறது: தசை குறைந்த உடம்பில் கூடும் எடை பெரும்பாலும் கொழுப்பாகும், தூக்கிக் குளிப்பாட்டும் அம்மாவின் முதுகு முதலில் சொல்லிவிடும். மாதாந்திர எடையை அப்போதும் விடாதீர்கள். வலிப்புக்கு ஃபெனிடாயினோ ஃபெனோபார்பிட்டோனோ சாப்பிடும் பிள்ளையாக இருந்தால், வருடம் ஒருமுறை வைட்டமின் டி ரத்தப் பரிசோதனையையும் எடை எழுதும் நோட்டிலேயே எழுதி வையுங்கள்.