கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் பவர் சப்ளையைப் பாருங்கள்

கேமிங்குக்காகப் பழைய டெஸ்க்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு மாற்றப் போகிறீர்களா? முதலில் கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பவர் சப்ளையில், அதாவது எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டியில், ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் 500 வாட்டை அப்படியே நம்ப வேண்டாம். +12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். அங்கே 20 ஆம்பியர்தான் என்றால், கார்டுக்கும் பிராசஸருக்கும் சேர்த்தே 240 வாட்தான் கிடைக்கும்.

மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் 75 வாட் வரை தரும். ஜிடிஎக்ஸ் 1650 கார்டின் பல மாடல்கள் இதிலேயே ஓடிவிடும், தனி கேபிள் வேண்டாம். குறைந்த பட்ஜெட்டுக்கு என் முதல் தேர்வு இதுதான். ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற 170 வாட் கார்டு என்றால் 550 வாட் தரமான பவர் சப்ளையும் சேர்த்து வாங்குங்கள். கார்டுக்கு மின்சாரம் தரும் 8 பின் கேபிள் இல்லையே என்று, ஹார்டு டிஸ்க்குக்கான சாட்டா கனெக்டரிலிருந்து அடாப்டர் போட்டுச் சமாளிக்கவே கூடாது. அந்தக் கனெக்டர் 54 வாட்டுக்கு மேல் தாங்காது, உருகித் தீப்பிடிக்கலாம்.

அப்புறம், பிராண்டட் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் மதர்போர்டு கனெக்டரே வேறு மாதிரி இருக்கும், கடைகளில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் வகை பவர் சப்ளை பொருந்தாது. கார்டின் நீளத்துக்கு உள்ளே இடம் இருக்கிறதா என்றும் அளந்துவிடுங்கள். கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடிய மாடுலர் சப்ளையை மாற்றினால் பழைய கேபிள்களையும் கழற்றிவிடுங்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் பின் வரிசை மாறியிருந்தால் ஹார்டு டிஸ்க் கருகிவிடும்.